சருகு மூட்டை எங்கே? மட்குத் தொட்டி பற்றி வாசகர் கேட்டவை

தோட்டக் கழிவையும் சமையலறைக் கழிவையும் வீட்டிலேயே மட்க வைப்பதில் என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டோம். வந்து குவிந்த கடிதங்களில் பாதி நாற்றம் பற்றியவை, மீதியில் பாதி புழு பற்றியவை. ஒன்று போலவே இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரும் போடவில்லை, நாற்றமடிக்கும் தொட்டிக்குச் சொந்தக்காரர் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

கேள்வி: தோட்டத்தில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அதில் மட்குத் தொட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு பெரிது வேண்டும், பிளாஸ்டிக்கா மரமா, கைப்பிடி வைத்துச் சுற்றுகிற டிரம் நல்லதா? எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை அக்கா.

முதலில் ஒரு விஷயம். தொட்டியே இல்லாமல் வெறும் குவியலாகப் போட்டு வைத்தாலும் குப்பை மட்கும். அதைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அவற்றுக்குத் தொட்டியின் அழகு பற்றிக் கவலை கிடையாது. தொட்டி வைப்பதெல்லாம் குப்பை சிதறாமல் ஓரிடத்தில் இருக்க, ஈரமும் சூடும் சட்டென்று போய்விடாமல் இருக்க, நாய் பூனை எலி வந்து கிளறாமல் இருக்க. அவ்வளவுதான். அதனால் கையில் என்ன இருக்கிறதோ அதில் ஆரம்பியுங்கள். கம்பி வலையை வட்டமாக வளைத்து முனைகளைக் கட்டினால் ஒரு தொட்டி. சரக்கு ஏற்றி வருகிற மரப் பலகைச் சட்டங்கள் நான்கை நிறுத்திக் கட்டினால் இன்னொரு தொட்டி. அந்தச் சட்டத்தில் ஒரு முத்திரை குத்தியிருக்கும், ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயமில்லை, ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அது வேண்டாம். பழைய பிளாஸ்டிக் டிரம்மும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒன்றாக விரல் நுழையாத அளவில் துளைகள் போட்டு, வெறும் மண்ணின்மேல் நிறுத்த வேண்டும். கீழே மண் இருந்தால் அதிகப்படி நீர் தானாக இறங்கிவிடும், மண்புழுக்கள் அழைப்பில்லாமல் மேலே வரும்.

துளையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், என் முதல் தொட்டியில் ஒரு துளைகூடக் கிடையாது. இறுக மூடினால்தான் சுத்தம் என்று எண்ணிக்கொண்டு, அடிப்பாகம் உள்ள டிரம்மில் தினமும் காய்த்தோலைக் கொட்டிக் கொட்டி மூடி வைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தால் கறுப்புக் கூழ். அதைக் குழி தோண்டிப் புதைத்த கதையை என் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அளவு: நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மீட்டர் இருந்தால் உள்ளே உண்டாகும் சூடு தங்கும். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு ஓரங்கள் வழியாகப் போய்விடும், வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். ஒரு சின்னக் குடும்பத்துக்கு 200 லிட்டர் டிரம் போதும் என்றுதான் சொல்வேன். சுற்றுகிற டிரம் கிளறுவதற்குச் சுலபம், எலியும் நுழையாது, ஆனால் கொள்ளளவு குறைவு, உள்ளே ஈரம் சீக்கிரம் கூடிப்போகும், மண்ணோடு தொடர்பு இல்லாததால் மண்புழு வராது. அதோடு நிரம்பியதும் புதிதாகப் போடுவதை நிறுத்தி, உள்ளே இருப்பது மட்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாளும் முடியாத தொட்டியாகிவிடும்.

இடம் பார்க்கும்போது தண்ணீர் தேங்காத, ஓரளவு நிழல் விழுகிற மூலையாகப் பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். ஆனால் ரொம்பத் தள்ளியும் வைக்காதீர்கள், மழை பெய்கிற இரவில் நடந்து போகத் தோன்றாத தூரத்தில் வைத்த தொட்டி சீக்கிரமே வெறும் அலங்காரமாகிவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டைக்கும் இடம் விடுங்கள். காய்ந்த சருகு மூட்டை. தொட்டியைவிட முக்கியம் அதுதான், கீழே போகப் போகப் புரியும்.

கேள்வி: பச்சை, பழுப்பு என்று இரண்டு வகையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். காபித் தூள் பழுப்பு நிறம், அதைப் பச்சை என்கிறார்கள். யார் வைத்த பெயர் இது?

யார் வைத்தார்களோ, நிறம் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். நீங்கள் நிறத்தை மறந்துவிட்டு ‘ஈரமும் சத்தும் உள்ளது’, ‘காய்ந்தது, நார் உள்ளது’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் அதிகம்: காய்கறித் தோல், பழத்தோல், வடிகட்டிய காபி, தேயிலைத் தூள், அப்போது வெட்டிய புல், மாட்டுச் சாணம், கோழி எரு. சாணம் பழுப்பாக இருந்தாலும் அது ‘பச்சை’தான். இரண்டாவது வகையில் கார்பன் அதிகம்: சருகு, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி, செய்தித்தாள், மரத்தூள், உடைத்த சுள்ளி.

நுண்ணுயிருக்குக் கார்பன் எரிபொருள் மாதிரி, நைட்ரஜன் உடம்பை வளர்க்க. தொட்டியில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருக்கிறபோது அவை மும்முரமாக வேலை செய்கின்றன. காய்கறிக் கழிவில் இது ஏறக்குறைய 15-க்கு 1 முதல் 20-க்கு 1 வரை இருக்கும், சருகில் மரத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை போகும், மரத்தூளில் நூற்றுக்கணக்கில். கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், நானும் போட்டதில்லை. ஒரு வாளி சமையலறைக் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு, இரண்டரை வாளி சருகு. மரத்தூள் என்றால் கொஞ்சம் போதும், அது கார்பன் மிகுந்த சரக்கு, அள்ளிப் போட்டால் தொட்டி மாதக்கணக்கில் தூங்கிவிடும். ஒட்டுப்பலகை அறுத்த தூளும், பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்தின் தூளும் எப்போதும் வேண்டாம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சமையலறைக் கழிவு வருடம் முழுக்கத் தினமும் வரும், சருகு ஒரு பருவத்தில் மட்டும் கொட்டும். அதனால் கொட்டுகிற காலத்தில் கூட்டி அள்ளி, காற்றுப் போகிற சாக்குகளில் கட்டி, நனையாமல் வைத்துவிடுங்கள். எனக்கு வருடத்துக்கு ஏழெட்டு மூட்டை தேவைப்படுகிறது. கொஞ்சம் குறைந்தால் அட்டைப்பெட்டி கைகொடுக்கும்.

கேள்வி: ஒரே நாற்றம். பக்கத்து வீட்டில் சாடை பேச ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துத் தூர எறிந்துவிடலாமா என்று இருக்கிறது. காப்பாற்றுங்கள்.

எறிய வேண்டாம். முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் ஒருமுறை நன்றாக முகர்ந்து பாருங்கள், என்ன நாற்றம் என்பதிலேயே பதில் இருக்கிறது.

மூக்கில் சுருக்கென்று ஏறி, கண் எரிகிற மாதிரி இருந்தால் அது அம்மோனியா. பச்சைச் சரக்கு அதிகமாகி, நுண்ணுயிர் தின்று தீர்க்க முடியாத நைட்ரஜன் காற்றில் பறக்கிறது. இது நாற்றம் மட்டுமல்ல, நஷ்டமும்தான், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சருகு சேர்த்துக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அழுகின முட்டை மாதிரி, சாக்கடை மாதிரி இருந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். ஈரம் கூடி, இடைவெளிகளெல்லாம் அடைபட்டு, காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டன. அவை கிளப்புகிற ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த வாடை. இதற்கு மேலோட்டமாகச் சருகு தூவினால் போதாது. மொத்தத்தையும் வெளியே எடுத்து ஒரு தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளை உடைத்து, நிறையச் சருகும் நொறுக்கிய சுள்ளியும் கலந்து மறுபடி நிரப்ப வேண்டும். சுள்ளி எதற்கென்றால், சருகு மட்டும் போட்டால் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், விரல் தடிமன் குச்சிகள் இடையில் இருந்தால் காற்றுக்கு வழி விடும். அன்று ஒருநாள் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெட்டிய புல்லை ஒரேயடியாக ஒரு முழ உயரத்துக்குக் கொட்டியிருக்கிறீர்களா? அதுவும் ஒரு பழைய குற்றவாளி. புல் படிந்து பாய் மாதிரி ஆகி, உள்ளே வழவழவென்று அழுகும். ஒருநாள் வெயிலில் காயவிட்டு மெல்லிய அடுக்காகப் போடுங்கள், அல்லது வெட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள், புல்தரைக்கே உரமாகும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு வழி. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்துபோட்ட துணி மாதிரி கையில் ஈரம் தெரிய வேண்டும், ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. எடையில் 50 முதல் 60 சதவீதம் நீர் என்பது இதுதான்.

கேள்வி: மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தட்டையாகப் பெரிய பெரிய புழுக்கள், நூற்றுக்கணக்கில் நெளிகின்றன. என் மகள் அந்தப் பக்கமே போவதில்லை. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள்! கிட்டத்தட்ட 2 செ.மீ. நீளத்தில், பட்டை பட்டையாக, தோல் கெட்டியாக இருந்தால் அவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழுக்கள். பார்க்க அருவருப்பு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஈரக் குப்பையைத் தின்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. வளர்ந்து பறக்கிற ஈ குளவி மாதிரி கறுப்பாக ஒல்லியாக இருக்கும், கடிக்காது, கொட்டாது, வீட்டு ஈ போல நம் சாப்பாட்டில் வந்து உட்காருகிற வழக்கமும் அதற்கில்லை. இந்தப் புழு பெருகிய இடத்தில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் அவை இத்தனை வந்திருப்பது, தொட்டியில் ஈரக் கழிவு அதிகம் என்பதற்கு அடையாளம். மகள் மறுபடி அந்தப் பக்கம் வர வேண்டுமென்றால் ஒரு கையகலத் தடிமனுக்குச் சருகு பரப்புங்கள், கீழே வேலை நடக்கும், மேலே எதுவும் தெரியாது.

வெள்ளையாக, மெத்தென்று, ஒரு முனை கூராக இருக்கும் சின்னப் புழுக்கள் என்றால் அது வேறு, வீட்டு ஈ வகை. மூடாத சாப்பாட்டு மிச்சமோ இறைச்சியோ உள்ளே இருக்கிறது. அதை நடுவில் புதைத்து மூடுங்கள். திறந்ததும் முகத்தில் மோதுகிற பொடி ஈக்கள் பழ ஈக்கள், அவற்றின் முட்டை பழத்தோலோடு சமையலறையிலிருந்தே வருகிறது. பழத்தோலைப் போட்டவுடன் மூடிவிட்டால் தானாகக் குறைந்துவிடும்.

கேள்வி: என் நண்பர் தொட்டியைக் கிளறினால் ஆவி பறக்கிறது. என்னுடையது ஐந்து மாதமாகக் கல் மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன்?

தப்பு எதுவும் இல்லை, உங்கள் நண்பர் செய்வது வேறு ஆட்டம். அவர் அநேகமாக ஒரே நாளில் தொட்டியை முழுக்க நிரப்பியிருப்பார். நீங்கள் தினம் ஒரு கிண்ணம் போடுகிறீர்கள். ஒரு கிண்ணம் கழிவு எவ்வளவு சூடு தரும், அது தருகிற கொஞ்சமும் அன்றைக்கே காற்றில் போய்விடும்.

சூடு எப்படி வருகிறதென்றால், முதலில் சாதாரண வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரை மாதிரி சுலபமான சத்துகளைத் தின்ன ஆரம்பிக்கும், தின்னும்போது சூடு வெளியாகும். 40 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் அவை ஒதுங்கிக்கொள்ள, சூட்டில் வாழ்கிற இன்னொரு கூட்டம் வந்து 55, 60 டிகிரிவரை ஏற்றிவிடும். நல்ல கலவை என்றால் இரண்டு மூன்று நாளிலேயே இது நடக்கும். 65-க்கு மேல் போனால் வேலை செய்கிற நுண்ணுயிர்களே சாக ஆரம்பிக்கும், அப்போது கிளறி ஆற்ற வேண்டும். சுலபமான சத்து தீர்ந்ததும் சூடு இறங்கும், பிறகு பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்ஸ் என்கிற நூல் நூலான பாக்டீரியாக்களும் வந்து நாரையும் மரத்தன்மையையும் பொறுமையாக உடைக்கும். முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும்புகிறதே ஒரு வாசனை, அதை உண்டாக்குவதும் இந்த ஆக்டினோமைசீட்ஸ்தான்.

சூட்டுக்கு ஆசைப்பட்டால் சரக்கை இரண்டு மூன்று வாரம் சேர்த்துவைத்து, கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி, பச்சையும் காய்ந்ததும் கலந்து, நனைத்து, ஒரு கன மீட்டர் குவியலாக ஒரே நாளில் போட வேண்டும், பிறகு தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் புரட்ட வேண்டும். பெர்க்லி முறை என்று பெயர், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது, எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு மூன்று வாரத்தில் உரம் தரும். முதுகு வலிக்கும். நான் இரண்டு தடவை செய்துவிட்டு விட்டுவிட்டேன், என் குப்பைக்கு அவசரம் எதுவும் இல்லை.

குளிர்ந்த தொட்டியிலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் அருமையான உரம் கிடைக்கும். ஒரே வித்தியாசம், சூடு ஏறாததால் களை விதையும் நோய்க்கிருமியும் சாகாது. அதனால் விதை முற்றிய களை, நோய் வந்து வாடிய செடி, இரண்டையும் உங்கள் தொட்டியில் போடாதீர்கள். அப்புறம், ஐந்து மாதத்தில் கொஞ்சம்கூட அமுங்கவே இல்லை என்றால் மட்டும் பிழிந்து பாருங்கள், காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றிப் புரட்டினால் விழித்துக்கொள்ளும்.

கேள்வி: எதையெல்லாம் போடவே கூடாது?

இறைச்சி, மீன், எலும்பு, பால் பொருள், எண்ணெய். மட்காது என்பதால் இல்லை, மட்கும், ஆனால் அதற்குள் ஊரிலுள்ள எலியும் ஈயும் உங்கள் தொட்டியில் இருக்கும். நாய், பூனை மலம் வேண்டாம், அதில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் அளவு சூடு வீட்டுத் தொட்டியில் நம்பத்தகுந்தபடி வராது. நிலக்கரிச் சாம்பல் கூடாது. மரக்கட்டைச் சாம்பல் எப்போதாவது ஒரு கைப்பிடி போதும். பழத்தில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், ஒரு வருடம் கழித்தும் அது புதுசாக உங்களைப் பார்த்துச் சிரிக்கும். தேயிலைப் பையும் பல சமயம் அப்படித்தான், உள்ளே பிளாஸ்டிக் இழை இருக்கும், கிழித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள்.

‘மட்கும்’ என்று அச்சடித்த பைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 60 டிகிரிக்குக் கிட்டத்தில் வாரக்கணக்காகச் சூடு நிற்கிற பெரிய ஆலைகளில் மட்குவதற்கானவை. நம் தொட்டியில் கந்தலாகக் கிடக்கும். வீட்டுத் தொட்டியிலேயே மட்கும் என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் நம்புங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. வெளியிலிருந்து வைக்கோலோ புல்லோ எருவோ வாங்கினால், அந்த நிலத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்கள். அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற சில மருந்துகள் மாட்டின் வயிற்றைத் தாண்டி, மட்கும் தொட்டியையும் தாண்டி உயிரோடு வந்து தக்காளி, அவரை வகைகளின் இலையைச் சுருட்டிவிடும். சந்தேகம் இருந்தால் அந்த உரத்தை ஒரு பூந்தொட்டியில் போட்டு நாலு பீன்ஸ் விதை ஊன்றிப் பாருங்கள். புது இலைகள் முறுக்கிக்கொண்டு வந்தால் காய்கறிப் பாத்திப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், வெங்காயம் எல்லாம் போடக் கூடாதாமே? மண்புழு செத்துவிடும் என்றார்கள்.

மண்புழுவை மட்டும் வளர்க்கிற சின்னப் பெட்டியில்தான் அந்தக் கவலை. திறந்த அடியுள்ள தொட்டியில் புழு தனக்குப் பிடிக்காத இடத்தைவிட்டு நகர்ந்துகொள்ளும். நறுக்கிப் போடுங்கள், கொஞ்சம் தாமதமாக மட்கும். முட்டை ஓட்டையும் நொறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் முழுசாகவே திரும்பி வரும்.

கேள்வி: எலி! இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

சமைத்த சாப்பாடு போடுகிறீர்கள், சரியா? அதை நிறுத்துங்கள். தொட்டியை நகர்த்திவிட்டு அடியில் துருப்பிடிக்காத கம்பி வலை விரியுங்கள், கண்ணி 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, சுண்டெலி நம்ப முடியாத சந்தில் நுழையும். வலை இருந்தால் மண்புழுவுக்குத் தடையில்லை. காய்ந்து கிடக்கிற தொட்டி எலிக்கு நல்ல படுக்கை, அதனால் ஈரமாக வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள், தொந்தரவு பிடிக்காமல் இடம் மாறிவிடும். எலி நடமாடிய தொட்டியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும்.

கேள்வி: தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, வடிகிற கறுப்புத் தண்ணீரைப் பிடித்துக் கீரைக்குத் தெளிக்கிறேன். நல்லதுதானே?

கீரைக்கு வேண்டாம். அது அரைகுறையாக அழுகியதன் வடிநீர், அதில் கிருமி இருக்கலாம், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடுகிற இலைமேல் தெளிப்பது வம்பு. பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடி, மரத்தின் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். இன்னும் நல்லது அதைத் தொட்டிக்குள்ளேயே, காய்ந்த பகுதியில் ஊற்றிவிடுவது. தினமும் அவ்வளவு வடிகிறதென்றால்... சருகு மூட்டை எங்கே?

கேள்வி: சீக்கிரம் மட்க ஊக்கி என்று பொடி விற்கிறார்கள். சுண்ணாம்பும் தூவச் சொல்கிறார்கள். தேவையா?

இரண்டும் தேவையில்லை. வேண்டிய நுண்ணுயிர் இலையிலும் தோலிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. மனசு கேட்காவிட்டால் பழைய உரம் ஒரு கை அள்ளிப் போடுங்கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, தழைச்சத்தை அம்மோனியாவாகப் பறக்கவிடும், அதாவது காசு கொடுத்து நாற்றம் வாங்குகிறோம்.

இதோடு சேர்த்து ஒருவர் மிகுந்த தயக்கத்தோடு, சிறுநீர் ஊற்றலாமா என்று கேட்டிருந்தார். ஊற்றலாம். நல்ல நைட்ரஜன் அதில் இருக்கிறது, சருகு மட்டும் நிறைந்து தூங்குகிற தொட்டியை எழுப்பிவிடும். ஆரோக்கியமாக இருப்பவருடையதாக இருக்கட்டும், தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். வீட்டில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் துணிச்சல்.

கேள்வி: நான்கு மாதத்தில் உரம் கறுப்பாக வந்துவிட்டது என்று எடுத்து, அதை மட்டுமே நிரப்பி நாற்று நட்டேன். எல்லாம் மஞ்சளாகி, பாதி செத்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டது வீணா அக்கா?

வீணில்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள். இரண்டு விஷயம் ஒன்றாக நடந்திருக்கிறது. கறுப்பானதெல்லாம் முடிந்ததல்ல. உள்ளே மட்காத கார்பன் மிச்சமிருந்தால் அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும், செடி பட்டினியில் மஞ்சளாகும். அதோடு, பாதியில் எடுத்த உரத்தில் வேரைத் தாக்குகிற அமிலங்களும் அம்மோனியாவும் இருக்கும். நாற்றுக்கு அது தாங்காது.

முடிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியக் கூடாது, முட்டை ஓடும் சுள்ளியும் தவிர. உயரம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். புரட்டி நனைத்தாலும் மறுபடி சூடேறக் கூடாது. மண்வாசனை வர வேண்டும். எனக்கு நம்பிக்கையான சோதனை, ஈரமான ஒரு பிடி உரத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஒரு வாரம் விட்டுத் திறந்து முகர்வது. மண்வாசனையே வந்தால் தயார், புளித்த வாடை வந்தால் இன்னும் ஒரு மாதம். முள்ளங்கி விதை பத்தை அதில் தூவி எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பதும் நல்ல வழி.

முடிந்த உரமாக இருந்தாலும் அதை மட்டுமே நிரப்பி நடாதீர்கள். தொட்டிச் செடிக்கு மண்கலவையில் நாலில் ஒரு பங்கு போதும். பாத்தி என்றால் 3, 4 செ.மீ. பரப்பி மேல்மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள். இதில் சத்து கொஞ்சம்தான், பலன் பெரும்பாலும் மண் பொலபொலப்பாவதிலும் ஈரம் தங்குவதிலும் தெரியும். இப்போது மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டாம், ஒரு மரத்தடியில் மூடாக்காகப் பரப்புங்கள், அங்கேயே மட்கி முடியும். தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: கிளறும்போது உள்ளே வெள்ளையாகப் பூசணம் மாதிரி இருக்கிறது, தூசி கிளம்பி இருமல் வருகிறது. ஆபத்தா?

வெள்ளை நூல் நல்ல அறிகுறிதான், மேலே சொன்ன ஆக்டினோமைசீட்ஸ் அல்லது பூஞ்சை. தூசிதான் வேண்டாதது. காய்ந்த உரத்திலிருந்து பூஞ்சை வித்துகள் பறக்கும், லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா உரத்தூசி மூலமாக நுரையீரல் காய்ச்சல் கொண்டுவந்ததும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பதிவாகியிருக்கிறது. பயந்து ஓட வேண்டியதில்லை: கிளறுவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் கிளறுகிற வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம், எங்கள் வீட்டில் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கேள்வி: படித்து முடித்த உங்கள் இதழையே தொட்டியில் போடலாமா?

தாராளமாக. பளபளக்கிற அட்டையைக் கிழித்துவிடுங்கள், பின்னையும் எடுத்துவிடுங்கள். உள்பக்கங்களைக் கீற்றாகக் கிழித்து, நனைத்து, காய்த்தோலோடு கலந்து போடுங்கள், அப்படியே முழுசாகப் போட்டால் கத்தையாக ஒட்டிக்கொண்டு, அடுத்த வருடம் தோண்டும்போது இந்தப் பதிலை மறுபடி படிப்பீர்கள்.